மாதத்துக்கு மூன்றே நாள்!

சேலம் ஐந்து ரோடு பக்கமோ, நாமக்கல் கடைவீதிப் பக்கமோ ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். டேலி பழகும் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாம் தேதியிலும் இரண்டாம் தேதியிலும் மட்டுமே வியாபாரம் செய்துகொண்டிருப்பார்கள். 14ஆம் தேதி சரக்கு வந்தாலும் 2ஆம் தேதியில்தான் ஏறும். சம்பளம், கரண்ட் பில், வட்டி எல்லாம் 31ஆம் தேதிக்குப் போய்விடும். நடுவில் இருக்கும் நாட்களுக்குக் கணக்கே கிடையாது!

விஷயம் இதுதான். லைசென்ஸ் இல்லாத டேலியை 'எஜுகேஷனல் மோடு' என்று திறக்கலாம். எல்லா மெனுவும் வரும், எல்லா ரிப்போர்ட்டும் வரும். ஆனால் மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட முடியும். ஓசியில் பழகிக்கொள், ஓசியில் கடை நடத்தாதே என்பது கம்பெனியின் எண்ணம். இதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. பத்து வருடமாகச் சாம்பிள் பாக்கெட்டிலேயே தலைக்குக் குளிப்பவனை எந்தக் கம்பெனிதான் சும்மா விடும்?

சிக்கல் காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அதற்கு முன் டேலி ஏன் இவ்வளவு பெரிய ஆள் ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வெறும் வசவாகப் போய்விடும். ஷியாம் சுந்தர் கோயங்கா தன் வியாபாரத்துக்குச் சரியான கணக்கு மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவிடம் ஒன்று எழுதித் தரச் சொன்னார். அதிலிருந்து 1986இல் பெங்களூரில் 'பியூட்ரானிக்ஸ்' என்ற பெயரில் பிறந்த கம்பெனி இது. 1999இல் டேலி சொல்யூஷன்ஸ் ஆனது. பரத் கோயங்காவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் காலத்தில் மற்ற கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீட்டு எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும். டேலியில் 'முருகன் டயர்ஸ்' என்று பெயரை அடித்தாலே போதும். மவுஸைத் தொடாமல் எஃப் 5 தட்டினால் பேமெண்ட், எஃப் 6 தட்டினால் ரசீது, எஃப் 8 தட்டினால் விற்பனை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய ஒருவர் லாரி ஆபீசில் உட்கார்ந்து லோடு லோடாகக் கணக்கு ஏற்ற முடிந்தது இதனால்தான். சங்ககிரியில் லாரி ஆபீஸ், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்காரர், பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரி, ராசிபுரம் பக்கம் சேகோ ஆலை, நாமக்கல்லைச் சுற்றிக் கோழிப்பண்ணை... சரக்கு வேறு வேறு, திரையில் தெரிவது மட்டும் ஒன்று. இந்தியச் சிறு வியாபாரியின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு எழுதப்பட்ட மென்பொருள் அது. அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது.

சரி, காசு கொடுத்து வாங்கினால் என்ன கிடைக்கிறது? சில்வர் என்றால் ஒரு கணினி, ஒரு ஆள். கோல்டு என்றால் ஒரே வளாகத்து நெட்வொர்க்கில் எத்தனை பேர் வேண்டுமானாலும். சில்வர் பல வருடம் 18,000 ரூபாயாக இருந்து, டேலி பிரைம் வந்த பிறகு 22,500 ஆனது. கோல்டு 54,000இல் இருந்து 67,500. இதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக சில்வர் 26,550, கோல்டு 79,650.

இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கோழித்தீவனக் கடையில் கணக்கு எழுத ஒருவர், பில் போட ஒருவர் என்று இரண்டு நாற்காலி போட்டாலே விலை மூன்று மடங்கு. ஐம்பது பேர் உட்காரும் நூற்பாலை கட்டுவதும் அதே 67,500, இரண்டு பேர் உட்காரும் கடை கட்டுவதும் அதே 67,500. பெரியவனுக்கு மலிவு, சின்னவனுக்கு ஆனை விலை. இதனால்தான் பல கடைகளில் பகலில் பில்லைக் கையால் எழுதி, சாயங்காலம் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி டேலியில் ஏற்றுகிறார். ஒரே வேலையை இரண்டு தடவை செய்வது. கம்ப்யூட்டர் வந்ததே அதைத் தவிர்க்கத்தானே!

அடுத்தது டி.எஸ்.எஸ். டேலி சாப்ட்வேர் சர்வீசஸ் என்பதன் சுருக்கம். லைசென்ஸ் 'வாழ்நாள்' லைசென்ஸ். ஒரு தடவை வாங்கினால் போதும், காலாவதி ஆகாது. வாங்கும்போது ஒரு வருட டி.எஸ்.எஸ். கூடவே வரும். பிறகு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சில்வருக்கு முன்பு 3,600 ரூபாய், விலை ஏறிய பின் 4,500, வரியோடு 5,310. "புதுப்பிக்கா விட்டாலும் சாப்ட்வேர் ஓடுமுங்க" என்று டீலர் சொல்வார். உண்மைதான், ஓடும். புது வெர்ஷனுக்கு மட்டும் போக முடியாது.

புது வெர்ஷன் எதற்கு, பழசே போதுமே என்று கேட்கலாம். 2017 ஜூலை 1 வரை அந்தக் கேள்வி சரியான கேள்விதான். அன்றைக்கு வாட் போய் ஜி.எஸ்.டி. வந்தது. சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி., ஐ.ஜி.எஸ்.டி., எச்.எஸ்.என். எண், மாதா மாதம் ரிட்டர்ன். டேலி ஈ.ஆர்.பி. 9இன் ரிலீஸ் 6 வந்தால்தான் இதெல்லாம் சரியாக நடக்கும். ரிலீஸ் 6 வேண்டுமென்றால் டி.எஸ்.எஸ். உயிரோடு இருக்க வேண்டும். திருச்செங்கோட்டில் இரண்டு ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவர் 2012இல் 'வாழ்நாள்' லைசென்ஸ் வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்டது வாட்ஸ்அப் வசதியும் இல்லை, மொபைலில் பார்க்கும் வசதியும் இல்லை. அரசாங்கம் சட்டத்தை மாற்றிவிட்டது, அதற்குத் தக்கபடி பில் வர வேண்டும், அவ்வளவுதான். அவர் கையில் இருந்த சாப்ட்வேர் கெட்டுப் போகவில்லை. ஆனால் ஒரே ராத்திரியில் உபயோகமில்லாமல் போனது. வாழ்நாள் லைசென்ஸ் என்பதில் வாழ்நாள் யாருடையது? வாங்கினவருடையதா, அன்றைய வரிச் சட்டத்தினுடையதா?

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கிறது. ஜி.எஸ்.டி.யைக் கொண்டுவந்தது அவர்கள் இல்லை. அதற்கான நிரல் எழுத ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அறிவிப்புக்கு மேல் அறிவிப்பாக மாற்றங்கள் வந்தபடியே இருந்தன. இதை எல்லாம் இலவசமாகக் கொடு என்பது பேராசை. ஆனால் சட்ட மாற்றத்துக்கான திருத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு விலை வைத்து விற்கலாமே? வேண்டியது பல் குச்சி, கடைக்காரர் கொடுப்பது சோப்பு, சீப்பு, கண்ணாடி சேர்ந்த பொட்டலம். பிரித்துத் தர மாட்டேன் என்று தைரியமாகச் சொல்ல முடிவது எதிரில் வேறு கடை இல்லாதபோதுதான்.

சட்டமும் விட்டபாடில்லை. மின் விலைப்பட்டியல் என்ற இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் வியாபாரம் உள்ளவர்களுக்கு என்று ஆரம்பித்தது. 2021இல் 100 கோடி, பிறகு 50 கோடி. 2022இல் 20, பிறகு 10. 2023 ஆகஸ்டில் 5 கோடி. நாமக்கல் கணக்கில் 5 கோடி வியாபாரம் என்பது பெரிய ஆள் இல்லை. நடுத்தர முட்டை வியாபாரி. டேலிக்குள் இருந்தே நேராக இ-இன்வாய்ஸ் எடுக்க டி.எஸ்.எஸ். வேண்டும். கம்பெனிச் சட்டத்தில் பதிவானவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இன்னொன்று: யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார்கள் என்ற தடம் அழியாமல் பதிவாகும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். அதற்கும் புது வெர்ஷன். அரசாங்கம் ஒரு விதியைப் போடும்போது தன்னை அறியாமலேயே ஒரு தனியார் கம்பெனிக்கு வருடச் சந்தா வசூலித்துக் கொடுக்கிறது. இதைப் பற்றி எந்த அதிகாரியும் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

டி.எஸ்.எஸ்.ஸை விடத் தந்திரமானது டேட்டா விவகாரம். வருடக் கடைசியில் கணக்கை ஆடிட்டர் ஆபீசுக்கு பென் டிரைவில் கொண்டுபோவார்கள். ஆடிட்டர் எப்போதும் புது வெர்ஷன்தான் வைத்திருப்பார், வைத்திருக்கவும் வேண்டும். 2023இல் டேலி பிரைம் ரிலீஸ் 3 வந்தபோது பழைய டேட்டாவை அதில் திறக்க வேண்டுமானால் புது வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிய பிறகு அது பழைய வெர்ஷனில் திறக்காது. ஆடிட்டர் நான்கு ஜர்னல் என்ட்ரி போட்டுத் திருப்பிக் கொடுத்த டேட்டா சொந்தக்காரரின் கணினியிலேயே திறக்கவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? ஒன்று, அந்த நான்கு என்ட்ரியைப் பேப்பரில் வாங்கி வந்து பழைய டேட்டாவில் மறுபடி அடிக்க வேண்டும். இல்லையென்றால் ரினியூவல் கட்ட வேண்டும். எக்செல் ஆகவும் எக்ஸ்.எம்.எல். ஆகவும் வெளியே எடுக்க டேலி வழி வைத்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஐந்து வருடக் கணக்கை, சரக்கிருப்பை, பில் வாரியான பாக்கியை அப்படி எடுத்து வேறு ஒன்றில் சிதறாமல் போடுவது பார்ட் டைம் அக்கவுண்டண்ட் செய்கிற வேலை இல்லை.

இதை நாமக்கல்காரருக்கு லாரியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். சேசிஸ் ஒரு கம்பெனியில் வாங்குகிறார், பாடியை உள்ளூர்ப் பட்டறையில் கட்டுகிறார். டயர் அவர் இஷ்டம், மெக்கானிக் அவர் இஷ்டம். பத்து வருடம் ஓட்டி நல்ல விலை வந்தால் இன்னொருவருக்கு விற்றுவிடுவார். அரசாங்கம் ரோட்டு விதியை மாற்றினால் அதற்குத் தேவையான பாகத்தை எந்தக் கடையிலும் வாங்கிப் பொருத்துவார். அதை எங்களிடம் சந்தா கட்டினால்தான் பொருத்த முடியும் என்று சேசிஸ் கம்பெனி சொன்னால் பரமத்தி ரோட்டில் ஒரு வண்டி நகராது!

மென்பொருள் பொருளே இல்லை, வெறும் உரிமம்தான், அதனால் லாரியோடு ஒப்பிடக் கூடாது என்பார்கள். இங்கேதான் காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சுவாரஸ்யமான ஒன்று இருக்கிறது. 2004 நவம்பரில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் - ஆந்திர அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கடையில் தயாராகக் கிடைக்கும் மென்பொருள் 'சரக்கு'தான், விற்பனை வரி உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. 2021 மார்ச்சில் எஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கிலும் அதே நீதிமன்றம், ஒப்பந்தத்துக்கு லைசென்ஸ் என்று பெயர் வைத்தாலும் நடந்தது என்னவோ காப்புரிமை உள்ள ஒரு பொருளின் விற்பனைதான், ராயல்டி இல்லை என்றது. ஆக வரி என்று வந்தால் மென்பொருள் சரக்கு. வாங்கினவர் 'நான் இதை விற்கலாமா, என் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாமா' என்று கேட்டால் உடனே உரிமம் ஆகிவிடும். என்ன மாயமோ!

வெளிநாட்டிலும் இந்தக் குழப்பம் உண்டு. அமெரிக்காவில் 2010இல் வெர்னர் - ஆட்டோடெஸ்க் வழக்கில் பழைய ஆட்டோகேட் பெட்டியை விற்றவர் தோற்றார். நீ வாங்கியது உரிமம், விற்க முடியாது என்று முடிந்தது. ஐரோப்பிய நீதிமன்றமோ 2012இல் யூஸ்டுசாப்ட் - ஆரக்கிள் வழக்கில் காலவரையற்ற லைசென்சுக்குக் காசு வாங்கிவிட்டால் அது விற்பனைதான், வாங்கினவர் மறுபடி விற்கலாம் என்றது. ஐரோப்பாவின் தர்க்கம்தான் கடைத்தெரு தர்க்கத்தோடு ஒத்துப்போகிறது. காலவரையே இல்லாமல் கொடுத்துவிட்டு 'கொடுக்கவில்லை, இரவல்தான்' என்றால் யார் நம்புவது?

இங்கே முறையிட எங்கே போவது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு நல்ல பிரிவு வந்திருக்கிறது. மாநில ஆணையத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் வியாபாரத்துக்காக வாங்குபவர் நுகர்வோரே இல்லை. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. ஒற்றை லாரி வைத்துத் தானே ஓட்டுபவர் உள்ளே வரலாம். பத்து லாரியும் நான்கு டிரைவரும் வைத்திருப்பவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கணக்கு மென்பொருளை வியாபாரி தவிர வேறு யார் வாங்குவார்கள்? அடுத்தது போட்டி ஆணையம். டெல்லி வழக்கறிஞர் நிறுவனம் ஒன்று 2010இல் மைக்ரோசாப்ட் மேல் அங்கே புகார் கொடுத்தது. ஒரே ஆபீஸ் மென்பொருளைக் கணினியோடு வாங்கினால் ஒரு விலை, தனியாக வாங்கினால் வேறு விலை என்பது அதில் ஒரு குறை. 2012இல் சட்ட மீறல் இல்லை என்று முடித்துவிட்டார்கள். வழக்கறிஞர்களுக்கே அந்தக் கதி என்றால் கொலுசு வியாபாரி எம்மாத்திரம்.

இதற்கெல்லாம் ஊர் கண்டுபிடித்த மருந்து 'கிராக்'. யாரோ ஒரு பையன் பென் டிரைவோடு வந்து ஐந்நூறு வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுப்பான். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். சட்டத்தை விட்டாலும், வருடம் முழுக்க எழுதிய கணக்கை யாரென்றே தெரியாதவன் திறந்து மாற்றிய நிரலுக்குள் வைப்பது கல்லாப் பெட்டியைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது மாதிரி. லைசென்ஸ் அநியாயம் என்பதற்காகத் திருட்டு நியாயம் ஆகாது. ஆனால் நேர்மையாகக் காசு கட்டியவருக்கு வருடா வருடம் நினைவூட்டல், கட்டாதவருக்கு நிம்மதி என்று இருந்தால் நேர்மை எத்தனை நாள் தாங்கும் என்று கம்பெனியும் யோசிக்க வேண்டும்.

வேறு மென்பொருளுக்கு மாறிவிடலாமே என்பது சுலபமான பதில். பிஸி இருக்கிறது, மார்க் இருக்கிறது, சென்னைக்காரர்களின் ஜோஹோ புக்ஸ் இருக்கிறது. 2019இல் ஜி.எஸ்.டி. நெட்வொர்க்கே ஒன்றரைக் கோடிக்குள் வியாபாரம் செய்பவர்களுக்கு இலவச பில்லிங் மென்பொருள் ஏற்பாடு செய்தது. மாறியவர்கள் குறைவு. மாறப் பயப்படவும் காரணம் உண்டு. அமெரிக்காவின் இன்ட்யூட் கம்பெனி குவிக்புக்ஸை இந்தியாவில் விற்றுவந்தது, 2023 ஜனவரியோடு கடையைக் கட்டிவிட்டது. இணையத்தில் வைத்திருந்த கணக்கைக் கெடுவுக்குள் இறக்கி எடுத்துக்கொள்ள வேண்டிய நிலைமை. அந்த மாதச் சந்தா முறையோடு ஒப்பிட்டால் டேலி எவ்வளவோ தேவலை. கணக்கு சொந்தக் கணினியில் இருக்கிறது, சந்தா கட்டாவிட்டாலும் திறக்கிறது. அடோபி 2013இல் ஒரேயடியாகச் சந்தாவுக்குப் போன மாதிரி டேலி இன்னும் போகவில்லை.

ஆனால் மாறாததற்கு முக்கியக் காரணம் விரல்கள். எஃப் 7, எஃப் 8, எஃப் 9 என்று பழகிய விரல்கள். நான்கு கடைக்கு மாற்றி மாற்றிப் போகும் பார்ட் டைம் அக்கவுண்டண்டுக்கு நான்கிலும் ஒரே மென்பொருள் இருந்தால்தான் பிழைப்பு ஓடும். வேலை விளம்பரத்தில் 'பி.காம்., டேலி தெரிந்திருக்க வேண்டும்' என்றுதான் இருக்கிறது, 'இரட்டைப் பதிவு முறை தெரிந்திருக்க வேண்டும்' என்று இல்லை. இந்தப் பழக்கத்தை வளர்ப்பதில் அரசுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தில் கடைசி அத்தியாயம் கணினிமயக் கணக்கியல், அதில் டேலி ஈ.ஆர்.பி. 9. எந்த மெனுவுக்குள் போய் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது வரை பாடம். இதே தமிழ்நாட்டில்தான் 2007 வாக்கில் உமாசங்கர் தலைமையில் எல்காட் பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றக் கிளம்பியது. பிளஸ் ஒன் கணினிப் புத்தகத்தில் உபுண்டுவும் ஓப்பன் ஆபீசும் பாடமாக இருக்கின்றன. கணினி வாத்தியாருக்கு உள்ள சுதந்திரம் காமர்ஸ் வாத்தியாருக்கு மட்டும் ஏன் இல்லை? ஜி.என்.யூ.கேஷ் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. இந்திய ஜி.எஸ்.டி.க்கு அது ஆகாது. ஆனால் பற்று வரவு சொல்லிக்கொடுக்க அதுவே தாராளம்.

பேரம் பேச வேண்டிய இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த வட்டாரத்தில் சங்கத்துக்குப் பஞ்சமே இல்லை. லாரி உரிமையாளருக்குச் சங்கம், ரிக்குக்குச் சங்கம், பண்ணையாளருக்குச் சங்கம். இடைத்தரகர் பிடியிலிருந்து தப்பிக்க 1981இல் சேலத்தில் சேகோசர்வ் என்று கூட்டுறவே ஆரம்பித்தவர்கள் சேகோ ஆலைக்காரர்கள். டயர் விலைக்கும் டீசல் விலைக்கும் டோல்கேட்டுக்கும் கூட்டம் போடும் சங்கங்களின் தீர்மானப் பட்டியலில் சாப்ட்வேர் லைசென்சையும் ஒரு வரி சேர்க்கலாம்: சட்ட மாற்றத்துக்கு மட்டும் தனி விலை, இரண்டு மூன்று நாற்காலிக்கு நடுவில் ஒரு லைசென்ஸ், ஆடிட்டர் திறந்த டேட்டா பழைய வெர்ஷனிலும் திறக்க வழி. 5,310 ரூபாய் கட்டும் ஒருத்தர் போன் செய்தால் உள்ளூர் டீலர் எடுப்பார். ஆயிரம் ரினியூவலை ஒன்றாக நிறுத்தி வைத்தால் பெங்களூரில் இருந்தே ஆள் புறப்பட்டு வருவார்கள்.